கோணல் முன்பல்

அக்டோபர் 14, செவ்வாய்

முன்பல் உடைந்தது. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கு எதிர்க் கடையில் பதினொரு மணி இடைவேளை ரொட்டி. உள்ளே ஆலிவ், ஆலிவுக்குள் கொட்டை. கடைக்காரனை மன்னிக்க மாட்டேன். ட்ரம்பெட் அழுந்துகிற அதே பல். நவம்பர் 22, இசைக்குக் காவலான புனித செசிலியா விழாவில் எங்கள் பழைய இசைச் சங்கத்தின் தனி வாசிப்பு என்னுடையது. பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்தது.

அக்டோபர் 15

அரசு மருத்துவமனை. "பிடுங்கணும்னா பிடுங்கித் தர்றோம். கட்டறதுக்கு வெளியதான் போகணும்." வரி வாங்க மட்டும் தெரிகிறது.

அக்டோபர் 17

'முதல் ஆலோசனை இலவசம்' என்று பலகை வைத்த இடம். மருத்துவர் பார்த்தது இரண்டு நிமிடம். கோட் போட்ட விற்பனையாள் பேசியது நாற்பது நிமிடம். ஆறு பற்களைச் சீவி, நேராக, வெள்ளையாக்குவார்களாம். நாலாயிரத்து முந்நூறு யூரோ, ஐந்து வருடத் தவணை.

"உங்க சிரிப்பே மாறிடும் சார்."

நான் எப்போது சிரித்தேன்? ட்ரம்பெட் வாசிப்பவன் என்றேன். "அட, நல்ல பொழுதுபோக்கு!" எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 20

எங்கள் இசை நடத்துநர் பெர்னாட் சொல்கிறான்: "ரெமெய்கிட்ட போடா. ஊதறவன் பல்லு அவளுக்குத்தான் தெரியும்."

பல் மருத்துவர் ரெமெய் கிளிமென்ட்! இதே ஊரில் எங்களுக்கு எதிரியான புதிய இசைச் சங்கத்தின் முதல் கிளாரினெட் கலைஞி. இருபத்திரண்டு வருடம் முன்பு போட்டியில் அரைப் புள்ளியில் எங்களைத் தோற்கடித்துவிட்டு, மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தவள். அவளிடம் வாயைத் திறப்பதா?

"வேணாம்னா சொல்லிடு. தனி வாசிப்ப ரெண்டாவது ட்ரம்பெட் இக்னாசிக்குக் குடுத்துடறேன்."

நயவஞ்சகன்.

அக்டோபர் 22

போனேன்.

"வாங்க வாத்தியாரே. வாயத் திறங்க. பேசறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு."

வேர் உறுதியாக இருக்கிறதாம். ஒரே ஒரு பல்லுக்கு உறை போட்டால் போதும். அறுநூற்று இருபது யூரோ என்று கையாலேயே எழுதித் தந்தாள். "உங்க சங்கத்துக்குத் தள்ளுபடி கிடையாது." நல்லவேளை. தந்திருந்தால் நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கும்.

நவம்பர் 6

ட்ரம்பெட்டோடு வரச் சொல்லியிருந்தாள். தற்காலிக உறை வைத்து, நாற்காலியிலேயே வாசிக்கச் சொன்னாள். காற்று கசிந்தது. ஒலியே என்னுடையதில்லை. போச்சு, எல்லாம் போச்சு!

"பதறாதீங்க. நேரா வெச்சிட்டேன், அதான். பழைய பல்லு லேசா இடப்பக்கம் சாஞ்சிருக்கும்."

உடைந்த பல்லைத்தானே பார்த்தாள்? எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு விழாவுலயும் நாங்க வாசிக்கறப்ப எதிர்ல நின்னு ஏளனமா சிரிப்பீங்களே. இருபத்திரண்டு வருசமா அந்தப் பல்லத்தான் பாத்துட்டிருக்கேன்."

சீவினாள், ஊதினேன். ஒட்டினாள்; ஊதினேன். நான்காம் முறை — வந்தது! என் ஒலி! வெளியே காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். கன்னம் வீங்கிய ஒருவர் கூட.

"ஏழாவது வரியில தாளத்த விட்டு ஓடறீங்க," என்றாள். "அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

நவம்பர் 19

நிரந்தர உறை. கோணலாக, அழகாக. பணம் முழுவதும் கட்டிவிட்டேன். நன்றியும் சொன்னேன்.

நவம்பர் 22, சனி

வாசித்தேன். ஏழாவது வரியில் ஓடவில்லை. சதுக்கத்தின் ஓரத்தில் நின்றிருந்தவள் தன் முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினாள். சிரித்துவிட்டேன், பல் தெரிய. பெர்னாட்டுக்கு என் உடல்நிலை குறித்துச் சந்தேகம்.

நவம்பர் 30, ஞாயிறு

புதிய சங்கத்தின் கச்சேரி. முதன்முறையாகச் சீட்டு வாங்கி, உட்கார்ந்து கேட்டேன். மூன்றாம் வரிசை. ஓரிடத்தில் ரெமெயின் கிளாரினெட் கீச்சிட்டது. சுற்றிலும் பார்த்தேன், ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.