சிகாகோவிலிருந்து அழுதுகொண்டே வந்தவன்

நவம்பர் 14, வெள்ளி

அப்பாவுக்கு வருகிற வியாழக்கிழமை இதயத்தில் ஆபரேஷன். இந்த வயதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அண்ணன் கெல்திபெக் சிகாகோவில் லாரி ஓட்டுகிறான். அப்பா பேச்சை மீறிப் போனவன். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சே கிடையாது. "ஆபரேஷன்னு அவன்கிட்ட மூச்சு விட்டே, நான் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டேன்" என்று மிரட்டுகிறார். சரி, சொல்லவில்லை. ஆனால் அவன் வந்தாக வேண்டும்.

நவம்பர் 15

அழைத்தேன். "உடனே கிளம்பி வாண்ணா. எதுவும் கேக்காதே."

லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வீட்ல யாரு இருக்கா?"

"எல்லாரும் வந்துட்டுப் போயிட்டு இருக்காங்க."

"வர்றேன் பெர்மெட்." வைத்துவிட்டான். இவ்வளவு சுலபமா?

நவம்பர் 16

எங்கள் ஊர் பிஷ்கெக்கிலிருந்து சிகாகோ நேர்கோட்டில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இஸ்தான்புல் சுற்றி வந்தால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. பறப்பது மட்டும் பதினாறு மணி நேரம், காத்திருப்பு தனி. செவ்வாய் காலை வந்துவிடுவான். போதும்.

நவம்பர் 17

நான் ஒரு மண்டு! பக்கத்து வீட்டு புருல் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "வான்னு மட்டுமாடி சொன்னே? அப்பன் போயிட்டான்னுதானே நெனப்பான்!"

தூரத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் சாவைப் போனில் சொல்வதில்லை. வா என்போம். வந்த பிறகு பெரியவர்கள் பக்குவமாகச் சொல்வார்கள். தெரிந்தும் இப்படிப் பேசியிருக்கிறேனே - ஐயோ, போன் அணைந்து கிடக்கிறது. ஆகாயத்தில் இருக்கிறான். அத்தனை தூரமும் அழுதுகொண்டா வருவான்?

நவம்பர் 18, செவ்வாய்

விமான நிலையத்திலேயே பிடித்துச் சொல்லிவிடலாம் என்று போனேன். பனிமூட்டம், வழியெல்லாம் நெரிசல். அதற்குள் டாக்சியில் கிளம்பிவிட்டான்.

திரும்பி வந்து தெருவில் நுழையும்போதே கேட்டது. சாவு வீட்டுக்கு வரும் எங்கள் ஆண்களைப் போலத் தெருமுனையிலிருந்தே குரலெடுத்துக்கொண்டு போகிறான். "ஐயோ என் அப்பா! என் மலையே! உங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம விட்டுட்டேனே!" நாய்களெல்லாம் குரைத்தன.

உள்ளே புருல் அத்தை கதவைத் திறக்க ஓடினாளாம். அப்பா தடுத்துவிட்டாராம். "இரு, அவன் இன்னும் முடிக்கல." கதவுக்குப் பின்னால் நின்று, கையில் தேநீர் ஆற ஆற, முழுவதையும் கேட்டிருக்கிறார்.

பிறகுதான் திறந்தார். "யாருக்குடா ஒப்பாரி?"

அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "நீ... நீ சாகலையா?"

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுடா."

பாவி மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

நவம்பர் 20

நல்லபடியாக முடிந்தது. அப்பாடா.

நவம்பர் 22, சனி

மதியம் அப்பா முதல்முறையாக சூப் குடித்தார். அண்ணன் கட்டிலருகே நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். சாப்பிட எழுப்பப் போனேன். அப்பா கையை ஆட்டினார்.

"விடு. அங்க இப்ப நடுராத்திரி."

அவன் பெயரையே ஆறு வருடமாக எடுக்காதவர். சிகாகோ நேரத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.