அலமாரியில் ஒளிந்த யானைகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். என் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? பாப்பாவுக்கு இருமல் விட்டதா? எனக்குக் குறை ஒன்றுமில்லை. கப்பல் சாப்பாட்டில் தொப்பை போட்டுவிட்டது, பார்த்தால் சிரிப்பாய்.

பயணிகளுக்கு இந்த உல்லாசப் பயணம் நாளையோடு முடிகிறது; எங்களுக்கு உடனே அடுத்த பயணம். ஏறிய அன்று ஆட்டம் போட்ட பயணிகள் எல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கிறார்கள்.

நேற்று ஒரு கூத்து. அறையைச் சுத்தம் செய்ததும் துண்டை யானைபோல மடித்துக் கட்டிலில் வைப்பது எங்கள் வழக்கம். மறுநாள் பிரித்துச் சலவைக்குப் போட வேண்டும். ஓர் அறையில் இருந்த சின்னப்பெண் எல்லா யானைகளையும் அலமாரியில் ஒளித்துவிட்டாள். துண்டைக் காணோம் என்று சூப்பர்வைசர் என்னைப் பிடித்துக்கொண்டார். பயப்படாதே, திட்டோடு போயிற்று.

அவள் கண்ணெதிரிலேயே பிரிக்க வேண்டியதாயிற்று.

"இதுங்க எங்க போகுது?" என்றாள்.

"குளிச்சிட்டு வந்துடும் பாப்பா."

"வர்றப்போ நான் இருக்க மாட்டேனே!"

மிச்ச யானைகளையும் பிரித்துச் சலவைக்கூடையில் போட்டேன்.

ஓர் உதவி. பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. கரையில் செருப்புக் கடைக்காரர் அளவு கேட்டார். விரலை விரித்துக் காட்டினேன். "இது கைக்குழந்தைக்குங்க, நடக்கிற பிள்ளைக்குப் பத்தாது" என்று சிரித்தார். நான் பார்த்த பாதம் அதுதானே!

மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன். கோட்டைக் கொஞ்சம் தள்ளியே போடு. தாள் என் கைக்கு வருவதற்குள் வளர்ந்துவிடுவாள்.

உன் கப்பல்காரன்