ரயில் இல்லாத ஊரில் ஸ்டேஷன் மாஸ்டர்

போ பசான்,
17.8.1979

அன்பு மகள் ஜெயபாரதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகத்தோடு கொஞ்சம் கொழுப்பும். திருச்சியில் நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே, உன் இருமல் நின்றதா என்று ஒரு வரி எழுதக் கூடாதா.

அப்பா ஊருக்குத் திரும்புகிறேன் என்று பெட்டி கட்டியதைப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். என்னையோ வக்குவா பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும். அவரை அனுப்பிவிட்டு நான் மட்டும் இங்கே எப்படியடி இருப்பேன். ரயிலே இல்லாத ஊரில் மனுஷன் இருப்பானா என்று தினமும் அதே பாட்டு. தனுஷ்கோடியிலும் ராமேஸ்வரத்திலும் கொடி பிடித்தவர் அல்லவா, குக்கர் விசிலடித்தாலே எழுந்து நிற்கிறார்.

போன ஞாயிறு என்னோடு வேலை பார்க்கும் நதின் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் அப்பா ழான்-குளோட் இங்கே அந்தக் காலத்தில் எஞ்சின் ஓட்டியவர். அது தெரியாமல் உன் அப்பா, இந்தத் தீவு ரயிலைக் கண்ணால் கண்டதுண்டா, எங்கள் கப்பல் ரயில் மாதிரி உலகத்தில் உண்டா என்று ஆரம்பித்தாரே பார்! அந்த மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் ரயில் 1864-லேயே வந்தாயிற்று, உங்கள் கப்பல் ரயில் எப்போது வந்ததாம் என்று அவர் இந்த ஊர் பாஷையான கிரியோலில் கத்த, நதின் எனக்கு இங்கிலீஷில் சொல்ல, நான் இவருக்குத் தமிழில் சொல்ல, எனக்குச் சோறே இறங்கவில்லை. 1914 என்றார் அப்பா, மெல்ல. ஐம்பது வருஷ வித்தியாசத்தில் தோற்றுப்போனார்!

ஆனால் விடுவாரா, கரண்டியை ரயிலாகவும் ரொட்டியைக் கப்பலாகவும் வைத்து விளக்க ஆரம்பித்தார். மெட்ராஸில் ஒரே டிக்கெட், தனுஷ்கோடிவரை ரயில், பிறகு கப்பல், தலைமன்னாரில் கொழும்பு ரயில் தயாராக நிற்கும் என்று. 1964 புயலில் தனுஷ்கோடி போனதைச் சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் கடைசிச் சரக்கு ரயிலும் அதே வருஷம்தான் நின்றது என்று ழான்-குளோட் சொல்லி, இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் பழைய தண்டவாளப் பாதையில் தினமும் நடக்கிறார்கள், பேச்சு முழுக்கக் கையாலும் விசிலாலும்தான். நேற்று அப்பாவே பெட்டியைப் பிரித்தார், போய்க் கையெழுத்துப் போடு கனகம் என்றார். போட்டுவிட்டேன்.

ஆகையால் நம் வீட்டுக் கூரை ஓடுகளை மழைக்கு முன் மாப்பிள்ளையிடம் மாற்றச் சொல், மறந்துவிடாதே. முருகன் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. டூட்டி முடிந்து இவர் எப்போது வருவார் என்று முப்பது வருஷம் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன், தூறலில் குடையோடு நிற்கிறார், பஸ் பதினோரு நிமிஷம் லேட் என்று என்னைத் திட்டிக்கொண்டு.

உன் அம்மா,
கனகம் நீலமேகம்