சேர்வராயனுக்குக் கட்டிய மணி

கரடியூர்,
28.5.1989

அன்புள்ள அண்ணனுக்கு,

அமுதா எழுதுகிறேன். இங்கே மூவரும் நலம். உங்கள் நலத்தை நீங்கள் எழுதினால்தான் தெரியும். பனிமலைக் காவலுக்கு மேலே போகிறேன் என்று மாசியில் எழுதினீர்கள். அதற்குப் பிறகு தபால் இல்லை. காப்பி நன்றாகப் பூத்தது. மழை பிந்தியதால் பிஞ்சு கொஞ்சம்தான்.

சென்ற லீவில் டீக்கடையில், "வந்தா பரம்வீர் சக்ராவோடதான் வருவேன்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாளத்திலேயே பெரிய விருது அதுதான் என்று விசாரித்து, அது மகனுக்குக் கிடைத்தால் வெண்கல மணி கட்டுகிறேன் என்று மலை உச்சிச் சேர்வராயனிடம் வேண்டிக்கொண்டார்.

எஸ்டேட் வாட்ச்மேன் லூர்துராஜ் மாமா பட்டாளத்தில் இருந்தவர். அப்பா அவரிடம் பெருமையாக இதைச் சொன்னபோது, டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். அப்பா நகர்ந்த பிறகு என்னிடம், "அந்தச் சக்கரத்த நொம்பப் பேருக்கு அம்மாவோ ஊட்டுக்காரியோதான் டில்லிக்குப் போயி வாங்கியிருக்காங்க கண்ணு. அப்பாகிட்ட நீயே சொல்லிரு" என்றார்.

பி.ஏ. படித்தும் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். காப்பிச் செடிகளுக்கு நடுவே, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் வெட்டிக்கொண்டிருந்த கிளையை வெட்டி முடித்தார். அப்புறம், "உங்கம்மாளுக்குத் தெரிய வேண்டாஞ் சாமி" என்றார்.

வேண்டுதலைத் திரும்ப வாங்க முடியாதாம். கேட்டது கிடைத்துவிட்டதாகவே வைத்துக் கடனைச் செலுத்திவிட்டால், சாமி மேற்கொண்டு எதுவும் தர வேண்டியதில்லை என்று பூசாரி சொன்னாராம். இந்த வருஷத் திருவிழாவில் அப்பா மணியைக் கட்டிவிட்டார்.

மணியைப் பார்த்தவர்கள் உங்களுக்கு விருது வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள். கொட்டச்சேடு வரை இதே பேச்சு. "ஏனுங்க சின்னண்ணா, டில்லிக்கு எங்களையும் கூட்டிட்டுப் போவீங்களா, பஸ்ஸுல எடமில்லைன்னுருவீங்களா?" என்று கிருஷ்ணம்மாள் அத்தை அப்பாவைக் கேலி செய்கிறாள். அப்பா சிரித்து வைக்கிறார்.

நேற்று இந்தப் பேச்சைக் கேட்டு லூர்துராஜ் மாமா வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "தந்தி எப்ப வந்துச்சு கண்ணு?" என்று மெல்லக் கேட்டார். எதுவும் வரவில்லை என்று சொன்னேன். அப்பாவும் அதைக் கேட்டுவிட்டார். அதிலிருந்து தபால் வரும் பஸ்ஸின் சத்தம் கேட்டாலே வேலியருகே போய் நிற்கிறார்.

இது கிடைத்ததும் உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். பென்சிலில் எழுதினாலும் போதும். சேர்வராயன் உங்களைப் பத்திரமாகக் கீழே இறக்கட்டும். வெறுங்கையோடு வாருங்கள்.

அம்மா ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். டில்லிக்கு எந்தச் சேலை கட்டிக்கொண்டு வருவதாம்? பச்சைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். நீங்களே வந்து சொல்லுங்கள், அண்ணா.

உங்கள் தங்கை,
அமுதா