கடல் தாண்ட ஒரு லீவு

1945 ஜனவரி 19, சுங்கை பட்டாணி முகாம்

புது யூனிட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. பழைய இடத்தில் சுபேதார், "தை பிறக்கட்டும், லீவில் அனுப்பி வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். தை பிறந்தது. அவர் அங்கே, நான் இங்கே. இந்திய தேசிய இராணுவத்தில் இந்த நடராஜா யாரென்று இங்கே ஒரு நாய்க்கும் தெரியாது.

என் பெண்சாதி அம்சவள்ளிக்கு இதுதான் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று பினாங்குக்குப் போனாள். வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில். போன வாரம் அங்கே குண்டு விழுந்ததாம். யாரிடம் போய்க் கேட்பேன்?

ஜனவரி 22

லீவு கேட்டேவிட்டேன். கேப்டன் வடக்கத்திக்காரர். அவர் இந்துஸ்தானியில் சொன்னதை ஹவில்தார் அப்பளசாமி தமிழில் சொன்னார்.

"நாம இருக்கிற கெடா இப்ப சயாம்காரன் கையில. பினாங்கு ஜப்பான்காரன் கையில. நடுவுல கடலு வேற. நீ கேக்கிறது வெளிநாட்டு லீவு, தம்பி. அது வீட்டுச் சாவுக்கு மட்டும்தானாம்."

வெளிநாடாம்! இதே கெடாவில், பெண்டாங் ஊர் மளிகைக் கடையில் நின்றபோது சரக்கெடுக்க மாதாமாதம் போய்வந்த ஊர். "பிள்ளை பெறப்போவது அவளா, நீயா?" என்று வேறு கேட்டாராம் கேப்டன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி 25

மறுபடி விமானச் சத்தம். சோற்றுக்குப் பதில் கொடுத்த மரவள்ளிக்கிழங்கைப் பக்கத்தில் இருந்தவன் தட்டில் போட்டுவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன்.

ஜனவரி 28

என் அம்மா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டாள். செத்தவளை இன்னொரு தரம் சாகடித்தால் என்ன பாவம்?

சீ, இதெல்லாம் ஒரு யோசனையா! ஆனால் தலையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பொய் என்று தெரிந்தால்? இப்படிப் பொய் சொல்லிப் போன ஒருவனை மரத்தில் கட்டிவைத்து அடித்தார்களாம். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லையாம்.

ஜனவரி 31

சொல்லிவிட்டேன். அம்மா பினாங்கில் தவறிப்போனாள், லாரிக்காரர் வந்து சொன்னார் என்று. அழுகை தானாக வந்தது. எல்லாம் பயம்தான். கேப்டன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். லாரி நாளை மறுநாள் காலையில்தான்.

பிப்ரவரி 1

மத்தியானம் பினாங்குப் பக்கம் இடி இடிப்பதுபோல் விடாமல் சத்தம். எல்லாரும் வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்துப் பரஞ்சோதி அண்ணன் கத்தியும் கிண்ணத்தில் தண்ணீருமாக வந்து நிற்கிறார். பட்டாளத்துக்கு வருமுன் திகாம் பத்து என்ற ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர்.

"பெத்தவளுக்கு ஒத்தைப் பிள்ளை நீ. இப்படிப் பரட்டைத் தலையோடயா போய் நிப்ப? உக்காருலா தம்பி, மொட்டை போட்டு விடுறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. மாசமாக இருப்பவளின் புருஷன் தலையில் கத்தி படக்கூடாது, பட்டால் பிள்ளைக்கு ஆகாது. மகளைக் கூட்டிப்போக வந்த அன்று மாமியார் செல்லாயி அத்தை திரும்பத் திரும்பச் சொன்னது இது ஒன்றைத்தான். ஊரில் பிளேடு கிடைக்காத புண்ணியத்தில் இத்தனை நாள் தப்பித்தேன். முகாமில் பாதிப்பேர் என்னைப்போலத்தான் திரிகிறார்கள்.

"வேணாம்ணே."

"ஏன்?"

கூட்டம் கூடிவிட்டது. ஹவில்தாரும் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற தாய்க்கு மொட்டை போடமாட்டேன் என்று சொல்கிற மகன் உண்டா? மறுத்தால் நான் போச்சு. உட்கார்ந்தால் பிள்ளை போச்சு. ஐயோ, எந்த வேளையில் வாயைத் திறந்தேனோ!

உட்கார்ந்தேன். முடி விழ விழ, ஆத்தா மாரியாத்தா, ஆத்தா மாரியாத்தா என்று முனகிக்கொண்டே இருந்தேன். அதைத் துக்கம் என்று நினைத்து அண்ணன் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். "அழுதுடு தம்பி, அடக்காத" என்றார். பாவி மனுஷன். அவருடைய அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 2, பட்டர்வொர்த்

பினாங்குக்குப் படகு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கரையில் இன்னும் புகை. அங்கேயிருந்து வந்தவர்களிடம் எந்தத் தெரு என்று கேட்க வாய் வரவில்லை. ஆத்தா, என்னை எடுத்துக்கொள். அவர்களை விட்டுவிடு.

பிப்ரவரி 4, பினாங்கு

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

குண்டு விழுந்த அன்றைக்குத்தான் வலி எடுத்திருக்கிறது. மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடிய அத்தை தெருமுனையைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மாதான் பிரசவம் பார்த்தாளாம்.

முந்தாநாள் சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது அத்தையை வாசலில் கிடத்தியிருந்தார்கள். ஆண் வாரிசு இல்லை. யார் கொள்ளி வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் தலையைப் பார்த்ததும் காளியம்மா மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"மொட்டை போட்டுக்கிட்டே வந்துட்டாரே, பெத்த மகன் கணக்கா! ஏன் மாப்பிள்ளை, ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கினேன். அங்கே முகாமில் நான் மொட்டைக்குத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அதே மத்தியானம்தான் இங்கே அத்தை ஓடியிருக்கிறாள். நான் சொன்ன சாவு அம்மாவைத் தேடி இந்த வீட்டுக்கு வந்ததோ? நினைக்கவே பயமாக இருக்கிறது. யாரிடம் கேட்டுத் தெளிவது?

நாளைக்கு முகாமுக்குத் திரும்ப வேண்டும். காலையில் அம்சவள்ளி பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மெல்ல என் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"எங்கம்மாவுக்காகவா போட்டுக்கிட்டீங்க?"

ஆமாம் என்றேன்.