தொட்டியில் தோல் இருக்கும்போது நிறுத்தினவனுக்கு

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
1932-ம் வருஷம் ஜூலை மாதம் 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை

பம்பாய் தாராவியில் இருக்கும் மகன் தேவசகாயத்துக்கு அம்மா சவுரியம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் அப்பாவும் தங்கச்சி மரியம்மாளும் நானும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவுக்கு இருமல் இப்போது கம்மி. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கிடா. கிணறு இப்போது வற்றிவிட்டது, பாலாற்றில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்கிறோம். குடியாத்தத்துக் கண்ணம்மாள் சித்தி மரியம்மாளுக்குக் கல்யாணப் புடவை நெய்யச் சொல்லிவிட்டாளாம். நல்ல சேதியாக நாலு எழுதினால் கோபம் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை, அதனால் விஷயத்துக்கே வருகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பத்து ஆள் உடனே ரயிலேற்றி அனுப்பு, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளாகப் பார்த்து அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். என்ன தைரியம் உனக்கு. அந்தத் தோல் கம்பெனியில் உன்னை சூப்பர்வைசராகப் போட்ட வருஷம் நீ இங்கே வந்து நம் தெருவிலேயே ஏழு பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று பேசினது நீயா, நானா. காசிநாதன் பெண்சாதி செல்லம்மாள் கைக்குழந்தையோடு அழுதாள், அவ்வளவு தூரம் அனுப்பமாட்டேன் என்றாள். "என் புள்ள இருக்கான்டி அங்க, உனக்கு இன்னா பயம்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து சமாதானம் பண்ணினேன். நம் மரியம்மாளுக்கு நிச்சயம் பண்ணின தானியேலும் அந்த ஏழு பேரில் ஒருத்தன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

போன மாசம் அந்த ஏழு பேரும் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். கல்யாணத்துக்கென்று நீதான் முன்கூட்டியே லீவு கொடுத்து அனுப்பிவிட்டாய் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வாசலில் நின்றுகொண்டு என் பிள்ளை எங்கேடா என்று சிரித்துச் சிரித்துக் கேட்டேன். ஆறு பேர் பெட்டியோடு அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். தானியேல்தான் "மச்சான் நல்லா இருக்கான் அத்தை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதற்கப்புறமும் எனக்கு உறைக்கவில்லை. கோவிலிலும் கிணற்றடியிலும் உன் பெருமையைத்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் செல்லம்மாள் பொறுக்கமாட்டாமல் கிணற்றடியில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். "அவங்கள வேலைய விட்டு நிறுத்தினதே உன் புள்ளதான், உனக்குத் தெரியாதா" என்றாள். பொய் சொல்கிறாயடி என்று அவளோடு சண்டை பிடித்தேன். வாயில் வந்ததை எல்லாம் பேசினேன், குடத்தை உதைத்தேன். அதற்கு மூன்றாம் நாள் வந்த முந்தின கடிதத்தில் நீயே எழுதிவிட்டாய், ஆமாம் நான்தான் நிறுத்தினேன் என்று. அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவள் உட்காரப் பலகை போட்டாள், அதுதான் தாங்கவில்லை.

நீ எழுதின காரணத்தை அப்பாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். ஹெட் கிளார்க் ராமமூர்த்தி உங்கள் கம்பெனி வெள்ளைக்காரத் துரையிடம் போய் ஆம்பூர் ஆட்கள் எல்லாம் சூப்பர்வைசர் கைக்குள் இருக்கிறார்கள், நாளைக்கு ஒன்றாகச் சேர்ந்து வேலையை நிறுத்துவார்கள் என்று கோள் சொன்னானாம். துரை உன்னைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்தாராம். உடனே நீ, உனக்கு ஊர்க்காரனும் இல்லை, உறவும் இல்லை என்று காட்டுவதற்காக ஏழு பேரையும் அன்றைக்கே போகச் சொல்லிவிட்டாயாம். துரை முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அதை வேறு பெருமையாக எழுதியிருக்கிறாய். அட பைத்தியக்காரா, அவன் உன்னைத் தள்ளவா கோள் சொன்னான், உன் கையாலேயே உன் ஆட்களைத் தள்ள வைக்கத்தானே சொன்னான். ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூட இது புரியும். இங்கிலீஷ் படித்த உனக்குப் புரியவில்லை. இப்போது ராமமூர்த்தி கொண்டுவந்து விட்ட ஆட்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை என்றைக்கு எடுப்பது என்றே தெரியாமல் போட்டது போட்டபடி விட்டுவிட, தொட்டி தொட்டியாகத் தோல் கூழாகிப் போய்விட்டது. துரை கத்துகிறார். வேலை தெரிந்த ஆளை வெளியே அனுப்பினது யார் என்று கேட்கிறார். சூப்பர்வைசர்தானே நிறுத்தினார், எனக்கு என்ன தெரியும் என்று ராமமூர்த்தி கையை விரித்துவிட்டான். உன் நாற்காலி ஆடுகிறது. அதனால் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

துரைக்குத் தெரியாமல் இருக்கலாம், நீ தோல் பதனிடுகிற ஷாப்பு வாசலில் வளர்ந்தவன். இந்த ஊரில் எந்த சாயபு ஷாப்பிலாவது தொட்டியில் தோல் இருக்கும்போது ஆளை நிறுத்தி நீ பார்த்திருக்கிறாயா. அப்துல் சமத் சாயபுவுக்கும் உன் அப்பாவுக்கும் ஒரு தரம் பெரிய சண்டை வந்ததே, நீ சின்னப் பையன், ஓடிவந்து என் மடியில் ஒளிந்துகொண்டாய். அவ்வளவு கோபத்திலும் சாயபு என்ன சொன்னார். "தொட்டியில இருக்கிறத எடுத்துட்டு வா, அப்பறம் நாம பேசிக்கலாம்" என்றார். தோலைப் போட்டவன்தான் அதைக் கரையேற்ற வேண்டும், அதுவரைக்கும் முதலாளியும் வாய் திறக்கமாட்டார். எடுத்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் கோபம் போய்விட்டது, இன்றைக்கும் அப்பா அங்கேதான் வேலை செய்கிறார். நீ அந்த மரியாதைகூடக் கொடுக்கவில்லை. வேலை போனதைப் பற்றி தானியேல் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டானாம். "நாங்க போட்ட தோலு இன்னா ஆச்சு மாமா, மச்சான் எழுதினானா" என்று. கெட்டுப்போய்விட்டது என்று அப்பா சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டானாம்.

இங்கே அவர்கள் கதியைக் கேள். தானியேலையும் இன்னும் இரண்டு பேரையும் அப்பா கெஞ்சிக் கேட்டு சமத் சாயபு ஷாப்பில் சேர்த்துவிட்டார். பம்பாயில் மேஸ்திரியாக இருந்த தானியேல் இங்கே கடைசி ஆளாகத் தொட்டியில் இறங்குகிறான். காசிநாதன் குடியாத்தத்தில் தறிக்குப் போகிறான், சுண்ணாம்பு அரித்த கைக்கு நூல் நிற்கவில்லை, அறுந்து அறுந்து போகிறதாம். மற்றவர்கள் கிடைத்த கூலிக்குப் போகிறார்கள். நீ ஒரு நாள் துரைக்கு நல்ல பிள்ளையானதற்கு இத்தனை அடுப்பு அணைந்திருக்கிறது. நீ கேட்ட பத்து ஆள் கிடையாது. ஒரு ஆளும் கிடையாது. இனி எந்த வீட்டு வாசலிலும் உனக்காக நான் போய் நிற்கமாட்டேன்.

உன் தங்கச்சி சேதி சொல்கிறேன். இந்தக் கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் நான் பயந்து செத்தேன். மரியம்மாள் சோறு இறங்காமல் கிடந்தாள். நானே தானியேல் வீட்டுக்குப் போய், உனக்கு மனசில்லை என்றால் இப்போதே சொல்லிவிடப்பா, கோவில் சாமியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவன் என்னைப் பார்த்து, "மரியம்மாளா என்னை வேலைய விட்டு நிறுத்தினா" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று காலைப் பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது அந்த ஏழு பேரும், காசிநாதன்கூட குடியாத்தத்திலிருந்து வந்து, ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது எழுந்துவிடுவார்களோ என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் எழவில்லை. ஆகஸ்டு 17-ந் தேதி, மாதா திருநாள் கழித்து வருகிற புதன்கிழமை கல்யாணம்.

மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டியது பெண்ணின் அண்ணன். உனக்கு முகம் இருக்காதே என்று, சித்தப்பா மகனை விட்டுப் போடச் சொல்லட்டுமா என்று தானியேலைக் கேட்டேன். "வேணாம் அத்தை, மச்சானே வந்து போடட்டும்" என்றான். கோபமாகச் சொன்னானா, ஆசையாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை, நீ வந்து தெரிந்துகொள். கேட்டதும் கையை நீட்டினான், விரலுக்கு நூல் சுற்றி அளவு எடுத்தேன். அந்த நூலை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. உன் விரலை வைத்து அளவு பார்க்காதே, அவன் விரல் சுண்ணாம்பில் வீங்கின விரல், சுற்றளவு ஜாஸ்தி.

உன் உத்தியோகம் நிலைக்கட்டும், மாதா உன்னைக் காப்பாற்றட்டும், பெற்றவள் வேறு என்ன சொல்வேன். வேளைக்குச் சாப்பிடு. அப்பா உனக்கு ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. மோதிரத்தைத் தபாலில் அனுப்பினால் வாங்கமாட்டேன், திருப்பிவிடுவேன். கோவில் வாசலில் அந்த ஏழு பேரும் நிற்பார்கள், அவர்களைத் தாண்டித்தான் நீ உள்ளே வர வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
சவுரியம்மாள்