இடது பக்கமாகப் படுக்க வையுங்கள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டே இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் பைண்டிங் கடை முதலாளி இன்னும் நிற்கவைத்தே வேலை வாங்குகிறார், ஒரு ஸ்டூல் கேட்டால் உட்கார்ந்தா பசை காய்ஞ்சிடும் என்று நக்கல் பேசுகிறாராம். பத்து நாளாக உனக்கு எழுத உட்காருவேன், இரண்டு வரிக்குமேல் கை ஓடாது. அசதி. அன்றைக்கு நீ போனில் சத்தம் போட்டுவிட்டு வைத்துவிட்டாய், நான் பதில் சொல்லவில்லை, அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

சின்னவள் கல்லூரியில் ஜெர்மன் படிக்கிற பிள்ளைகளில் பன்னிரண்டு பேரை மூன்று வாரம் அந்த நாட்டுக்கே கூட்டிப்போகிறார்கள், அதில் இவளும் ஒருத்தி என்பது உனக்குத் தெரியும். காலையில் ஒரு பள்ளியில் வகுப்பு, மதியம் ஊர் சுற்றிப் பார்ப்பது, தங்குவது அந்த ஊர்க்காரர் வீடுகளில், வீட்டுக்கு ஒரு பிள்ளை. அதற்கு ஒரு படிவம். அவளே ஜெர்மனில் நிரப்பி, நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கொண்டுவந்து, கையைத் துடைச்சிட்டு இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா என்றாள். அம்மாவுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்துவிட்டாள். மூன்று வருஷமாகப் பரீட்சைக்கு முன்னால் வார்த்தைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஒப்பிக்கவைத்தது யார். எட்டாவதோடு நின்றவள்தான் நான், ஆனாலும் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நோய் ஏதாவது உண்டா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தாள். பதினான்கு வயதிலிருந்து வலிப்பு வருகிற பெண். கடைசியாக வந்து ஒரு வருஷம் ஏழு மாதம் ஆகிறது, மாத்திரையும் தவறுவதில்லை, எல்லாம் சரி. ஆனால் முன்பின் தெரியாத வீட்டில் இவள் விழுந்தால், ஒன்றும் அறியாத அந்த வீட்டம்மா என்ன செய்வாள். நான் கையெழுத்துப் போடவில்லை.

அப்பா, ஒண்ணரை வருஷமா ஒண்ணுமில்லையே, எழுதினா விடவே மாட்டாங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடேன் என்றார். நீ, உன் சத்தியத்தையெல்லாம் சாமி படத்துக்கு முன்னாலயே வச்சுக்கோம்மா, அவ வாழ்க்கையில வைக்காதே என்றாய். சின்னவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் இறங்கவில்லை. என் வியாதிதான் உனக்கு வேலை, அது இல்லாமப் போயிட்டா நீ என்னம்மா பண்ணுவ என்றாள். அன்றைக்குப் பிரார்த்தனையில் உட்கார்ந்து, நான் பொய்க்குப் பயப்படுகிறேனா, இல்லை அவளை அனுப்பப் பயந்துகொண்டு பொய்யைச் சாக்குச் சொல்கிறேனா என்று ஆண்டவனிடமே கேட்டேன். இரண்டும்தான் என்று மனதில் பட்டது. மறுநாள் அவளிடம் சொல்லாமல் கல்லூரிக்குப் போய் ஜெர்மன் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, முகம் மட்டும் சுருங்கியது, இவள் தங்கப்போகிற வீட்டில் கேட்டுத்தான் சொல்லமுடியும், அவர்கள் மறுத்தால் இவள் பெயரை எடுக்கவேண்டி வரும் என்றார். சொன்னது சரி என்று இப்போதும் சொல்வேன். அவளுக்குத் தெரியாமல் சொன்னது சரியில்லை.

டீச்சர் சொல்லி அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆறு நாள் என்னோடு பேசவில்லை. சமையலறையில் இரண்டு பேரும் முதுகு இடிக்க நின்றுகொண்டு, அப்பா, உப்பு எங்கேன்னு கேளுங்க என்பாள், அவரும் கூடத்திலிருந்து, உப்பு எங்கேன்னு கேக்கிறா என்பார். இந்தத் தபால்காரன் வேலைக்குத் தனியா சம்பளம் போடுங்கடி என்று ஒருநாள் கத்திவிட்டார், அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. ஏழாம் நாள் டீச்சர் வீட்டுக்கே வந்தார். அந்த வீட்டம்மா டிராம் ஓட்டுகிறவளாம், தனியாள். தாராளமாக வரட்டும், ஆனால் வலிப்பு வந்தால் என்ன ஆகும், நான் என்ன செய்யவேண்டும் என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள், சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன் என்றாளாம். நீயே எழுது, நான் பிழை மட்டும் பார்க்கிறேன் என்று இவளிடம் சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார். இவள் எப்படி எழுதுவாள். தனக்கு என்ன ஆகிறது என்று ஒருநாளும் இவள் பார்த்ததில்லையே. பார்த்தவள் நான். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்து நின்றாள்.

வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு தடவையும் டாக்டருக்காகக் குறித்து வைத்திருப்பேன் இல்லையா, அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். கூடவே என்னென்ன கிறுக்கியிருக்கிறேன் என்பது மறந்தேபோய்விட்டது. நாலு நிமிடம், இன்றைக்கு நான் கத்தவில்லை. இரண்டரை நிமிடம், நாக்கைக் கடித்துக்கொண்டாள், அவள் பார்ப்பதற்குள் தலையணை உறையைத் துவைத்துவிட்டேன். ஐந்து நிமிடம், ஆண்டவனே இதை எனக்குக் கொடு. பத்தொன்பது தடவையையும் ஒன்று விடாமல் படித்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தேன், நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. அப்புறம், நான் சத்தம் போடுவேனாம்மா என்று கேட்டாள். முதல்ல ஒரு சத்தம் வரும், அப்புறம் வராது என்றேன். அப்போ நீ என்ன பண்ணுவ என்றாள். இடது பக்கமாகப் படுக்க வைப்பேன், தலைக்கடியில் துணியை மடித்து வைப்பேன், வாயில் எதையும் திணிக்கமாட்டேன், கைகாலை அமுக்கிப் பிடிக்கமாட்டேன், கடிகாரத்தைப் பார்ப்பேன், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்றேன். அவ்வளவுதானா, சும்மா பார்த்துக்கிட்டா இருப்ப என்றாள். ஆமாம், இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்றேன்.

மதியம் முழுக்க நான் சொல்லச் சொல்ல அவள் ஜெர்மனில் எழுதினாள். முடித்ததும் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். கடைசியில் நான் சொல்லாத வரி ஒன்று இருந்தது. விழித்ததும் என்னை எதுவும் கேட்காதீர்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், நான் பயந்துபோயிருப்பேன், என் அம்மா அப்படித்தான் செய்வாள். விழித்த நேரம் அவளுக்கு ஒன்றுமே ஞாபகமிருக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். படிவத்திலும் இல்லை என்பதை அடித்துத் திருத்தியிருந்தாள், அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை கிளம்பிப் போனாள். மாத்திரை இருபத்தொரு நாளுக்கு, வழியில் தாமதமானால் என்று இன்னும் ஐந்து நாளுக்கு, எண்ணி வைத்தேன், மறுபடி அவளே ஒருதரம் எண்ணிக்கொண்டாள். ஆறு வருஷமாக அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரித்துப் படுத்தவள் நான், அன்றைக்குப் படுத்தால் வெயில் முகத்தில் அடித்தபிறகுதான் எழுந்தேன், அப்பா பயந்துபோய் என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். இப்படித் தூங்கிவிட்டேனே என்று அழுகை வந்தது, அழுவதற்கும் தெம்பில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டேன். நேற்று போன் செய்தாள். அந்தம்மா வீட்டு மாடியில் அவளுக்குத் தனி அறையாம். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாயா, திறந்து வைத்தா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

அவள் உன்னைக் கூப்பிட்டால் நீயும் உடம்பு எப்படி என்று ஆரம்பிக்காதே, என்ன பார்த்தாய், யாரோடு பேசினாய் என்று கேள். நீ அன்றைக்குச் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம்தான் வைத்திருக்கிறேன், அதுவும் போய்விடும். பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. நீங்கள் இருவரும் எந்த ஊர்க் கூரையின் கீழ் படுத்தாலும் அவன் காவல் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். இந்த இரண்டு வாரமும் போன் செய்வதானால் விடிந்ததும் செய்யாதே, நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

ஆசிகளோடு,
உன் அம்மா